தலையை எண்ணாதீர்கள், வகுப்பை எண்ணுங்கள்

தொடக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 1 கணக்கெடுப்பில் எங்கள் பள்ளியில் 59 பிள்ளைகள். போன வருடம் 63. உடனே மூன்றாவது ஆசிரியரை உபரி என்று எழுதி, பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டீர்கள். 60 வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்ற விதிப்படிதான் செய்தீர்கள், தெரியும். ஆனால் பிள்ளைகள் நான்கு பேர் குறைந்தார்களே தவிர, வகுப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்து வகுப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

என் மகள் நாலாம் வகுப்பு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துத் தலைமை ஆசிரியர் நடத்துகிறார். அடுத்த அறையில் நாலும் ஐந்தும். கரும்பலகையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. இடப்பக்கம் நாலாம் வகுப்பு, வலப்பக்கம் ஐந்தாம் வகுப்பு. இதுவும் இருவரும் வந்திருக்கும் நாளில்தான். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில்.

போன வாரம் அப்படி ஒரு நாள். சாயங்காலம் மகளின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். 96-ஐ 4-ஆல் வகுக்கும் கணக்கு. ஈவு 2 என்று எழுதி, 8-ஐக் கழித்து, 6-ஐக் கீழே இறக்கியதோடு நிற்கிறது. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன். "ஒண்ணாப்புப் பையன் விழுந்து முட்டியில ரத்தம்மா, டீச்சர் ஓடிட்டாங்க. அப்புறம் பெல் அடிச்சிடுச்சு" என்றாள். அந்தக் கணக்கு இன்றுவரை அப்படியேதான் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பாடலை முழுதாக ஒப்பிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே பழகிவிட்டது. தன் பாடத்தில்தான் திணறுகிறாள்.

ஆசிரியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டு வேளையில்கூட எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவுக்காக போனும் கையுமாக இருப்பவர்கள் அவர்கள். என் கேள்வி உங்களிடம்தான். தலையை எண்ணும் நீங்கள் வகுப்பை ஏன் எண்ணுவதில்லை?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டுவீர்கள். குறைந்தது இத்தனை ஆசிரியர் வேண்டும் என்றுதான் அது அளவு வைத்திருக்கிறது, அதற்கு மேல் தரக் கூடாது என்று சொல்லவில்லை. தொடக்க வகுப்புகளுக்கு வருடத்துக்கு 800 மணி நேரக் கற்பித்தலும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில்தான் இருக்கிறது. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்டால் என் மகளுக்கு அதில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் எப்படிக் குறைந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர், அதே சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு எல்கேஜியிலேயே போய்விட்டார்கள். கட்டணம் அரசின் பொறுப்பு. அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அதனால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி இங்கே ஆசிரியரை எடுக்கிறீர்கள். ஆசிரியர் இல்லாத பள்ளி என்று அடுத்த வருடம் இன்னும் நான்கு பேர் போவார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகு, பிள்ளைகளே வருவதில்லை என்று கோப்பில் எழுதுவீர்கள். எங்களுக்கு இதில்தான் வயிறு எரிகிறது.

எங்கள் ஆசிரியர் போன பள்ளியில் பிள்ளைகள் 90-ஐத் தாண்டிவிட்டார்களாம். அவர்களுக்கும் ஆசிரியர் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்குப் புதிதாக ஆள் போடுங்கள். ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் பரிமாற வேண்டாம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். ஐந்து வகுப்பு நடக்கும் பள்ளிக்குத் தலை எண்ணிக்கை எதுவானாலும் மூன்று ஆசிரியர்களாவது வேண்டும். எங்கள் மூன்றாவது ஆசிரியரை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். அதற்கு நாளாகும் என்றால், இருவரில் ஒருவர் வெளியே போகும் நாளிலாவது மாற்றாக ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா