உன் ஆத்மகாரகன் சனியா, ராகுவா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒரு ஜாதகச் செயலி உன் ஆத்மகாரகன், அதாவது ஆன்மாவைக் குறிக்கும் கிரகம், சனி என்கிறது, இன்னொன்று ராகு என்கிறது, எதைக் கேட்டாலும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டுமே கணக்கைத் தப்பாகப் போடவில்லையம்மா. வழி சொல்கிறேன், நீயே ஒரு தாளில் போட்டுப் பார்.

எந்த ராசி, ஆட்சியா உச்சமா என்பதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடு. ஒவ்வொரு கிரகமும் தான் நிற்கும் ராசிக்குள் எத்தனை பாகை, எத்தனை கலை கடந்திருக்கிறது என்று மட்டும் எழுது (ஒரு ராசிக்கு 30 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை). ஜைமினி முனிவர் பெயரில் வழங்கும் ஜோதிட முறையில் அதிகம் கடந்தவன் ஆத்மகாரகன், அடுத்தவன் அமாத்தியகாரகன், தொழிலைச் சொல்பவன். கடைசியில் நிற்பவன் தாரகாரகன், வாழ்க்கைத் துணையைச் சொல்பவன். உனக்குச் சனி கும்பத்தில் 26 பாகை 12 கலை. செவ்வாய் துலாத்தில் 25 பாகை 30 கலை. மற்ற ஐவரும் 20 பாகையைத் தொடவே இல்லை. பிறந்த நேரம் பத்து நிமிடம் முன்பின்னாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. லக்னம் வேகமாக ஓடும், சனி அப்படி ஓடமாட்டான்.

குழப்பம் ராகுவால் வந்தது. அவன் துலாத்தில் 2 பாகை 40 கலையில் இருக்கிறான். ராகு எப்போதும் பின்னோக்கிப் போகிறவன் என்பதால் ராசியின் முடிவிலிருந்து எண்ண வேண்டும். 30-இல் கழித்தால் 27 பாகை 20 கலை, சனியை முந்திவிடுகிறான். ராகுவைச் சேர்த்து எட்டு காரகர் என்பது ஒரு மரபு, சேர்க்காமல் ஏழு என்பது இன்னொன்று. கேது மோட்சகாரகன் என்பதால் இரண்டிலும் கிடையாது. உன் இரண்டு செயலிகளும் ஆளுக்கொரு மரபை எடுத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

நான் ஏழு காரகர் பக்கம். ராகு நிழல் கிரகம், அவனுக்கு உடலில்லை. ஆன்மாவின் பொறுப்பை அவனிடம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. உன் ஜாதகத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தைச் சரிசெய்யக் கிரக நிலையிலிருந்து கழிக்கும் பாகைதான் அயனாம்சம். மேலே சொன்னதெல்லாம் லஹிரி அயனாம்சக் கணக்கு. ராமன் அயனாம்சம் அதைவிட ஏறக்குறைய 1 பாகை 26 கலை குறைவு. அதில் போட்டால் சனி 27 பாகை 38 கலைக்கு ஏறுகிறான். ராகுவை முடிவிலிருந்து எண்ணுவதால் அவன் 25 பாகை 54 கலைக்கு இறங்கிவிடுகிறான். அயனாம்சம் மாறினால் ராகுவின் முதலிடம் போய்விடுகிறது. ஏழு பேர் கணக்கில் இந்த இரண்டு அயனாம்சத்தில் எதில் பார்த்தாலும் சனிதான் முதல்வன்.

சனி என்றதும் உனக்கு ஏழரை ஞாபகம் வந்திருக்கும். அது கோசாரம், அதாவது கிரகத்தின் அப்போதைய ஓட்டம், வந்து போவது. ஆத்மகாரகன் பிறவி முழுக்கக் கூட வருபவன். உழைப்பு, பொறுமை, முதியவர்கள், கைவிடப்பட்டவர்கள் எல்லாம் சனியின் ஆளுகை. அவன் ஆத்மகாரகனாக வந்தால் பிறர் துன்பத்தைக் குறைப்பதே இந்தப் பிறவியின் வேலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் விழித்து அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறாயே, அந்த வேலையைச் சின்ன வேலை என்று இனி யாரிடமும் சொல்லாதே. உன் சனி கும்பத்தில் ஆட்சியாகவும் இருக்கிறான். வக்ரம்தான், அதாவது பின்னோக்கிப் போகிறான், பலன் தாமதமாகும், நின்றுவிடாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்தேன், அதில்தான் எனக்கு மனம் நிறைந்தது. ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் ஒரு ராசியைக் கொடுப்பது நவாம்சம். கும்பத்துக்கு அது துலாத்தில் தொடங்கும். ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை. உன் சனி எட்டாவதில், ரிஷபத்தில் விழுகிறான். ஆத்மகாரகன் நவாம்சத்தில் நிற்கும் அந்த ராசிதான் உன் காரகாம்சம். அதற்குப் பன்னிரண்டாமிடத்தைக் கொண்டு இஷ்ட தெய்வத்தைச் சொல்வார்கள். அது மேஷம், அங்கே கேது. மேஷத்துக்கு அதிபதி செவ்வாய், அவனுக்கு முருகன். கேதுவுக்கும் பிள்ளையாரோடு முருகனையே சொல்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சின்ன வயதில் நீ பிடித்துக்கொண்ட சாமி!

மாப்பிள்ளையின் கிரகப் பாகைகளையும் எழுதி அனுப்பு. எந்த அயனாம்சம் என்பதைக் குறிப்பிட மறக்காதே. வேலை முடிந்து வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா