ஹமேட்ஸ் என்பது ஈஸ்ட் அல்ல, புளிப்பு

அன்புள்ள கதிர்,

யூதர்களின் பஸ்கா பண்டிகை பற்றிய உங்கள் மொழிபெயர்ப்பில், அந்நாட்களில் அவர்களுக்கு விலக்கப்பட்ட ‘ஹமேட்ஸ்’ என்ற எபிரெயச் சொல் வரும் இடமெல்லாம் ‘ஈஸ்ட்’ என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். யூதர்கள் பஸ்கா இரவு விருந்தில் நான்கு கிண்ணம் திராட்சரசம் அருந்துகிறார்கள். அதுவும் ஈஸ்டால் நொதித்ததுதானே? விலக்கப்பட்டது ஈஸ்ட் என்றால் அந்த விருந்தே நடக்காது.

ஹ-ம-ட்ஸ் என்ற வேருக்குப் புளித்தல் என்று பொருள். காடிக்கு எபிரெயத்தில் ஹோமெட்ஸ். இன்றைய பேச்சில் ஊறுகாய் ஹமுட்ஸிம், ஆக்சிஜன் ஹம்ட்ஸான். அரபியில் புளிப்பானதை ஹாமித் என்பதும் இதே வேர்தான். சங்கீதம் 73:21-இல் ‘மனம் கசந்தது’ என்று தமிழில் படிக்கிறோமே, எபிரெயத்தில் அங்கே மனம் புளிக்கிறது. “மாவு புளிச்சிருச்சு” என்று அன்றாடம் சொல்லும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

இன்னொரு சொல்லையும் இதோடு கலந்துவிட்டீர்கள். ‘செயோர்’ என்பது அடுத்த மாவைப் புளிக்க வைக்க எடுத்துவைக்கும் பழைய மாவு. ஹமேட்ஸ் என்பது புளித்த உணவு. யாத்திராகமம் 12:15-இல் இரண்டும் வருகின்றன. தமிழ் வேதாகமம் புளித்தமா, புளித்த அப்பம் என்று பிரித்தே சொல்கிறது. அதையே பின்பற்றுங்கள்.

எல்லா மாவும் ஹமேட்ஸ் ஆகாது. கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை), ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்துதான் கணக்கு. அரிசியில் தண்ணீர் பட்டால் அது புளிப்பதில்லை, கெட்டுப்போகிறது என்பது யூதச் சட்ட நூலான தல்மூதின் முடிவு. ஆனாலும் அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு) யூதர்கள் வழக்கப்படி அரிசி, பருப்பு வகைகளை பஸ்கா நாட்களில் தவிர்ப்பார்கள். செபார்தி (ஸ்பானிய மரபு) யூதர்களில் பலர் சாப்பிடுவார்கள்.

‘18 நிமிடத்தில் மட்ஸா சுட வேண்டும்’ என்ற உங்கள் வரியும் அரைகுறைதான். (மட்ஸா என்பது பஸ்காவில் உண்ணும் புளிப்பில்லா அப்பம்.) தண்ணீர் பட்ட மாவைப் பிசையாமல் சும்மா விட்டால் 18 நிமிடத்தில் ஹமேட்ஸ் ஆகிவிடும் என்பதே அடிப்படை விதி. கை ஓடிக்கொண்டே இருக்கும்வரை மாவு புளிக்காது. ஆனாலும் சூடு பட்டால் சீக்கிரம் புளிக்கும். அதனால்தான் முந்தின மாலையே எடுத்து இரவு முழுக்க ஆறவிட்ட தண்ணீரில், வெயில் படாத இடத்தில் பிசைகிறார்கள். நடைமுறையில் மட்ஸா சுடுமிடங்களில் தண்ணீர் ஊற்றியதிலிருந்து சுட்டு முடிப்பது வரை எல்லாவற்றையும் அந்த 18 நிமிடத்துக்குள் அடக்கப் பார்ப்பார்கள். தேய்த்த மாவில் நெருக்கமாகத் துளை போடுவது அது உப்பாமல் இருக்க. அடுப்பில் மடிந்து ஒட்டிக்கொண்ட மட்ஸாவை ஒதுக்கிவிடுவார்கள், மடிப்புக்குள் சூடு ஏறாமல் மாவு வேகாது நின்றிருக்கும் என்பதால்.

மாவு புளிக்கத் தொடங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது அழகாகச் சொல்கிறது: வெட்டுக்கிளியின் கொம்புபோல் ஆங்காங்கே மெல்லிய கீறல் விழும். பிறகு கீறல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மயிர்க்கூச்செறிந்தவன் முகம்போல் மாவு வெளிறிவிடும் என்றும் அங்கே ஓர் அடையாளம் உண்டு. இந்த வரிகளை உங்கள் கட்டுரையில் அவசியம் சேருங்கள்.

கடைசியாக, பஸ்கா விருந்தினருக்கு நீங்கள் பரிந்துரைத்திருக்கும் சாம்பார். அஷ்கெனாசி வீட்டில் பருப்பே ஆகாது. செபார்தி வீட்டில் கொடுப்பதானாலும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.