டெல்டாவுக்கென்று ஒரு வீட்டு எஸ்டிமேட் போடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு, அதற்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஒழுகுகிற கூரைக்குள் கிடந்தவர்களுக்கு இது பெரிய விஷயம், 2018-ல் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கத்தைப் பார்த்த யாரும் கான்கிரீட் கூரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஒரு வீடு எழும்ப இந்த மண்ணிலிருந்து என்னவெல்லாம் போகிறது, அந்த வீடு திரும்ப என்ன தருகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செங்கல் சூளைக்கு வயலின் மேல்மண் போகிறது. மணலுக்காகக் கொள்ளிடம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பலாம். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், கலவையும் குறையும், உள்ளே இருக்கிற காற்று சித்திரை வெயிலைத் தடுக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் எத்தனையோ வீடுகளை இப்படிக் கட்டிக் காட்டியிருக்கிறார். கூரைக்கு, கம்பிகளுக்கு நடுவே பழைய நாட்டு ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடலாம், தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். இடிக்கிற வீடுகளின் ஓடுகள் குப்பைக்குப் போகாமல் இதற்கு உதவும்.

அப்புறம் உமிச்சாம்பல். ஊருக்கு ஊர் ரைஸ்மில் இருக்கிற இடம் இது. அளவான சூட்டில் எரித்த சாம்பலைப் பொடித்துச் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கண்டபடி எரிந்த கருஞ்சாம்பல் உதவாது, அதனால் சோதித்துத் தரம் பிரிக்கிற பொறுப்பைத் துறையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

360 சதுர அடிக் கூரையில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்தால் 33,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். அது தெருச் சாக்கடைக்குப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. உப்பு ஏறிவிட்ட கடலோர ஊர்களில் அதைக் குளத்துக்கும் மண்ணுக்கும் இறக்கினால், வீடு ஊருக்கு நல்ல தண்ணீரைத் திருப்பித் தருகிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் கொத்தனாருக்குக் கைவராத வேலை இல்லை, சில நாள் பழக்கினால் போதும். ஆனால் துறையின் விலைப்பட்டியலில் இந்த முறைகளுக்கு இடம் இருந்தால்தான் ஓவர்சியர் அளந்து பில் போட முடியும். முதலில் அந்த இடத்தைக் கொடுங்கள். ஒன்றியத்துக்கு ஒரு முன்மாதிரி வீட்டை இந்தக் கோடையிலேயே, அறுவடை முடிந்து ஆட்கள் கிடைக்கிற நேரத்தில், கட்டத் தொடங்குங்கள்.