கோத்தகிரிக்கு ஒரு செவ்வந்திக் கடிதம்

கந்தப்பளை
நவம்பர் 5

அன்பின் நண்பனுக்கு,

நலம். முழங்கால் இப்போது எப்படி? டாக்டர் சொல்லும்வரை மலைப்பக்கம் ஏறாதே. நீ கேட்க மாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இங்கே ஓயாத மழை. உருளைக்கிழங்கு போட்டவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்குக் கொழும்பில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியேதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் செவ்வந்திதானே மச்சான், எதற்கு இத்தனை?" என்று கேட்டிருந்தாய். உன்னைத் தவிர வேறு யாரும் இப்படி நேரே கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் 'அழகு' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒற்றை அடுக்குப் பூ இருக்கும் படத்தை முதலில் எடு. ஓரத்தில் இதழ்போல நீண்டிருக்கிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ. நடுவில் மஞ்சள் பொட்டாகத் தெரிவது குழாய் வடிவச் சிறு பூக்களின் கூட்டம். நாம் பறித்துச் சாமிக்கு வைக்கும் ஒரு பூவில் நூற்றுக்கணக்கான பூக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சூரியகாந்தியும் இதே குடும்பம். அந்த மஞ்சள் பொட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெளிவட்டத்துச் சிறு பூக்கள் விரிந்து மகரந்தம் காட்டும், உள்வட்டம் இன்னும் மூடிக் கிடக்கும். நாள் போகப்போக விரிவது உள்நோக்கி நகரும். பூ மலர்ந்து எத்தனை நாளாயிற்று என்பதை அந்த வளையத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த ஓரப்பூக்களும் நடுக்கூட்டமும் எப்படி மாறுகின்றன என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. நடுக்கூட்டம் ஏறக்குறைய முழுவதும் இதழாகிவிட்டால் அடுக்குச் செவ்வந்தி. அந்த இதழ்கள் மேல்நோக்கி மடிந்து மூடினால் பந்து, கீழ்நோக்கிச் சரிந்தால் குடை. நடுக்கூட்டம் இதழாகாமல் தானே பருத்து மெத்தைபோல உப்பிய வகையும் உண்டு. உனக்கு அனுப்பிய இளஞ்சிவப்புப் பூ அதுதான். இன்னொன்றில் ஓரப்பூ அடியில் குழாயாகப் போய் நுனியில் மட்டும் கரண்டிபோல விரிகிறது. கொழும்புப் பூக்கடைகளில் பார்க்கிற அனஸ்தேசியா சிலந்தி வகை: நீண்ட மெல்லிய குழாய்கள், நுனி கொக்கிபோலச் சுருண்டிருக்கும். அதை நேர்முகமாகப் படம் பிடித்தால் நூல்கண்டு கலைந்ததுபோல ஒன்றும் புரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டுப் பக்கவாட்டில் எடுத்தால்தான் குழாய் குழாயென்று தெரியும். பந்து வகைக்குப் பக்க வெளிச்சம் போதும், மடிப்பின் நிழல் விழவேண்டும்.

நம் மலைநாட்டு மூடுபனியை இதற்காகவே கொண்டாடலாம். ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்குகிற மென்மையான வெளிச்சம் இங்கே காலையில் சும்மா கிடைக்கிறது. மஞ்சள் பூ மட்டும் தொந்தரவு. கமரா சொல்கிற ஒளியளவிலேயே எடுத்தால் கமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பதிவதில் சிவப்புப் பகுதி முதலில் நிரம்பி, இதழ்க் கோடெல்லாம் அழிந்து மஞ்சள் திட்டாகிவிடும். கமராவின் ஒளியளவில் முக்கால் படி (ஸ்டாப்) குறைத்தால் கோடுகள் திரும்ப வரும். படத்தை நிறைக்கும் வெள்ளைப் பூவுக்கு நேர்மாறு, ஒரு படி கூட்டாவிட்டால் சாம்பலாக விழும். நிழல்பக்கத்துக்கு வெளிச்சம் திருப்ப, பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை அட்டையில் ஒட்டிப் பிடிக்கிறேன். கடையில் இவ்வளவு நல்ல சாமான் விற்கவில்லை.

ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்கும் போய் வந்தேன். வெலிமடை பஸ்ஸில் ஏறி, சீத்தா எலிய அம்மன் கோயில் தாண்டி இறங்கும் அதே வழிதான். 1861ல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம் இன்று குளிர்நாட்டுப் பூக்களுக்கெல்லாம் வீடாகிவிட்டது. ஆனாலும் எனக்குப் பிடித்த படங்கள் அங்கே எடுத்தவை அல்ல, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் எடுத்தவை. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கிள்ளி வந்து நட்டது, உன் அம்மா தகரப் பேணியில் வளர்த்த அந்தச் சின்ன மஞ்சள் பொத்தான் பூ, இன்னும் வேலியோரம் இருக்கிறது. கண்காட்சிப் பூவை எடுத்துக்கொள்: பக்க மொட்டையெல்லாம் கிள்ளி எறிந்து, செடியின் சத்து முழுவதையும் ஒரே மொட்டுக்குக் கொடுத்து, தலை பெரிதாக்கிய பூ. மழை பட்டால் தலை நனைந்து கனத்து, உள்ளே சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகும். அதனால் பொலித்தீன் கூடாரத்தை விட்டு வெளியே வராது. வாசல் செவ்வந்தி எல்லா மழையையும் குடித்துவிட்டு நிற்கிறது. ஒற்றை அடுக்கு என்றால் தேனீயும் வரும். முழு அடுக்குப் பூவில் மகரந்தம் கிடைப்பதே அரிது, தேனீ வந்து என்ன செய்யும்? எனக்கு அந்தப் பெரிய தலைகள் மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை.

உனக்கு ஒரு வேடிக்கை. எங்கள் லயத்துக் கோடியில் இராத்திரி முழுக்க எரிகிற விளக்கின் கீழ் ஒரு செடி. இலை மட்டும் செழிப்பாக வருகிறது, பூ இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணூறு என்கிறார். செவ்வந்திக்கு நீண்ட, இடைவெட்டில்லாத இருட்டு வேண்டும், அப்போதுதான் மொட்டு வைக்கும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணியைச் சுற்றியே இருப்பதால், விட்டுவிட்டால் தண்டு வளருமுன்னே பூத்துவிடும். அதனால் விற்பனைக்கு வளர்ப்பவர்கள் நடு இரவில் சில மணிநேரம் மின்குமிழ் எரித்து இருட்டை வெட்டுகிறார்கள். தண்டு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைப்பார்கள். வகையைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூ. அக்காவிடம் சொன்னேன், செடியை இரண்டடி தள்ளி, விளக்கு வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்த்தச் சொன்னேன். முதலில் மிளகாய் சுற்றிப் பார்க்கிறாராம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீலச் செவ்வந்தி சாயம் ஏற்றியது. தண்டை நீல மையில் நிறுத்தினால் போதும். இயற்கையில் செவ்வந்திக்கு நீலம் கிடையாது. 2017ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு மணிப்பூச் செடியிலிருந்தும் நம் சங்குப்பூவிலிருந்தும் ஒவ்வொரு மரபணுவை எடுத்துச் சேர்த்துத்தான் நிஜ நீலத்தைக் கொண்டுவந்தார்கள். வேலியில் படர்கிற சங்குப்பூ அங்கே போய் நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வெண்செவ்வந்தியிலும் ஒரு கதை இருக்கிறது. அதன் இதழும் மஞ்சள் நிறமியைச் செய்கிறது, ஆனால் ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. அந்த நொதி தவறிய கிளையில் மட்டும் மஞ்சள் பூக்கும். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரே செடி நிற்கும் படம் அதுதான். நீ இரண்டு செடி என்று நினைத்திருப்பாய்.

போன ஞாயிறு ஆத்துமாக்கள் நாளுக்கு இங்கே கல்லறையெல்லாம் பூ. பிரான்சிலும் இதே நாட்களில் செவ்வந்தியைக் கல்லறைக்கு வைப்பார்கள், விருந்துக்குப் போகிற வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஜப்பானிலோ பதினாறு இதழ்ச் செவ்வந்தி அரச முத்திரை, அவர்கள் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. தோக்கியோவில் ஷிஞ்சுகு கியோயென் பூங்காவில் ஒரே செடியை நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரே நேரம் விரியும்படி வளைத்துக் கட்டி, நவம்பர் முதல் பாதியில் காட்சிக்கு வைக்கிறார்கள். நுனி கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடிக்கும், தேயிலையில் நாம் பார்த்த சங்கதிதான். ஆனால் அந்தப் பொறுமை எனக்கு வராது.

இனி உனக்கு ஒரு வேலை. உன் வீட்டுப் பின்பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒன்று பூக்கிறது என்றாயே, மஞ்சள் மேல் சிவப்பு ஏறினால் வருகிற நிறம் அது, எனக்கு இன்னும் அகப்படவில்லை. குச்சி அனுப்பாதே, சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள். படம் போதும். முகத்தை மட்டும் எடுக்காமல் பூவின் முதுகு, ஒரு இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் என்று எடு. இலைக்கடியில் வெளிறிய கொப்புளம் இருந்தால் வெள்ளைத் துரு நோய். படத்தை எடுத்துவிட்டு அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடு. குனிய முடியாவிட்டால் பேரனிடம் போனைக் கொடு, என்ன.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். அண்ணிக்கு என் வணக்கம்.

உன் பழைய நண்பன்