மேலே ஒரு சுவிட்ச்

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை என்று நீ எப்போதோ சொன்ன ஞாபகம்.

நாற்பது நாள் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமைதான் உன் குரலைக் கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்க வேண்டும், எப்படி மாற்றுவது என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் மெயினை அணை. சுவிட்சை அல்ல, மெயினை. அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எந்த வயரிலும் கை வைக்காதே. அந்த டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்பதை மெயினை அணைப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொள். கெட்டுப்போன டெஸ்டர் ஆளைக் கொன்றுவிடும்.

கடையில் டூ-வே சுவிட்ச் என்று கேட்டு இரண்டு வாங்கு. சாதாரண சுவிட்சில் இரண்டு முனை, இதில் மூன்று. பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் காமன். ஆனால் எல்லாக் கம்பெனியிலும் அப்படி இருக்காது. மல்டிமீட்டரை வைத்துப் பார். சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு சேர்ந்திருக்கும் முனை எதுவோ, அதுதான் காமன். கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர், வர வேண்டும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் போக வேண்டும். மிச்சம் இருக்கும் இரண்டிரண்டு முனைகளையும் கீழிருந்து மேலே இரண்டு வயர் இழுத்துச் சேர்த்துவிடு. ஒன்றரை ஸ்கொயர் செம்பு வயர் போதும். ஃபேஸ் சிவப்பு, அந்த இரண்டும் மஞ்சளும் நீலமும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கறுப்பு. நாளைக்கு வேறொருவன் பிரித்துப் பார்த்தாலும் குழப்பம் வராது. நியூட்ரல் எந்தச் சுவிட்சிலும் நுழையாமல் நேரே ஹோல்டருக்குப் போக வேண்டும். இதை மறந்துவிடாதே, நியூட்ரல் சுவிட்சுக்குள் போகவே கூடாது.

இரண்டு சுவிட்சும் ஒரே வயரில் நின்றால் விளக்கு எரியும். ஆளுக்கொரு வயரில் நின்றால் அணைந்துவிடும். அதனால்தான் எந்தப் பக்கம் தட்டினாலும் மாறுகிறது. ஆனால் சுவிட்சின் முகத்தைப் பார்த்து விளக்கு போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. மேலே இருந்தால் அணைப்பு, கீழே இருந்தால் எரிப்பு என்கிற கணக்கெல்லாம் இதில் கிடையாது. பல்பு பியூஸ் போய்விட்டால் அணைந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பல்பு மாற்றும்போதும் மெயினை அணை.

இன்னொன்றும் சொன்னாய். இப்போது இருக்கும் ஒற்றைச் சுவிட்சை அணைத்த பிறகும் அந்த எல்.இ.டி. பல்பு இரவெல்லாம் மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறது, குட்டி பயப்படுகிறான் என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் வீட்டுக்கு வயரிங் செய்தவன் ஃபேஸை ஹோல்டருக்கு நேராகக் கொடுத்துவிட்டு நியூட்ரலைச் சுவிட்சில் வெட்டியிருக்கக்கூடும். சில நேரம் பைப்புக்குள் பக்கத்து வயரின் தூண்டலாலும் அப்படி மினுங்கும், அதில் ஆபத்து இல்லை. ஆனால் நியூட்ரலை வெட்டியிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கிறது என்று அர்த்தம். நான் வந்து பார்க்கும்வரை நீயும் தொடாதே, குட்டியையும் அந்தப் பக்கம் விடாதே. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மெயினை அணை. எத்தனை முறை இதையே எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாத விஷயமா, பாப்பா? ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு அட்டைப்பெட்டியில் மாடிப்படி செய்தது யார்? பதினான்கு படி, நம் வீட்டில் இருப்பது போலவே. மேலே ஒன்று கீழே ஒன்று என்று குட்டிச் சுவிட்ச், டார்ச் பல்பு, இரண்டு பாட்டரி. கலெக்டர் கையால் பரிசு வாங்கினாய். அந்தக் கூட்டத்தில் என் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயர்மேன் மகள் என்று எல்லோரும் உன்னைச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவள், இருபத்தைந்து வருடம் கழித்து, டூ-வே சுவிட்ச் எப்படி மாட்டுவது என்று என்னிடம் கேட்கிறாய். நீ கேட்க வந்தது அது இல்லை என்று எனக்குப் புரிகிறது. நீ பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடிய டி.வி.யின் சத்தம் நின்றுபோனதும் கேட்டது. அதற்குப் பிறகுதான் நீ வயரைப் பற்றிக் கேட்டாய்.

போன மாதம் குட்டியின் பிறந்தநாளுக்கு நான் கூப்பிட்டபோது அவனும் ஒன்று சொன்னான். "நானும் அம்மாவும் மாடியில படுக்கிறோம் தாத்தா, கதவைப் பூட்டிக்குவோம்" என்றான். நீ போனை வாங்கிக்கொண்டு, மேலே காற்று நன்றாக வருகிறது அப்பா என்றாய். காற்று வரட்டும். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை நானே தொலைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1995 ஐப்பசி. அடைமழை. உனக்கு ஒன்பது வயது. மாடிப்படி விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் வேலையிலிருந்து வரவில்லை. பல்பைக் கழற்றிச் சரியாக மாட்டலாம் என்று அம்மா ஏறினாள். டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது நீ. அதற்கப்புறம் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை ஹோல்டரில், ஒரு கை நனைந்த இரும்புக் கைப்பிடியில். நான்கு படி உருண்டு விழுந்தாள். இடது மணிக்கட்டு போயிற்று. இன்றைக்கும் தேங்காய் மூடியை அந்தக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியாமல், காலுக்கிடையில் துணியைச் சுருட்டி அதில் வைத்துத் துருவுகிறாள்.

சுவிட்சை அணைக்காமல் கை வைத்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். மாமாக்களிடம் சொன்னேன். ஆச்சி வந்து, வயர்மேன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று அவளைத் திட்டினார். அப்போதும் சும்மா இருந்தேன். "அம்மா அணைத்தாள் அப்பா, நான் பார்த்தேன்" என்று நீ மட்டும் சொன்னாய். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், வாயை மூடு என்றேன்.

அணைத்திருந்தாள், பாப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று இரவே நான் ஏறி டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஹோல்டரின் ஒரு முனையில் வைத்தேன், எரிந்தது. மறுமுனையில் வைத்தேன், அதிலும் எரிந்தது. வீடு கட்டும்போது கையில் பணம் இல்லை. கீழேயும் மேலேயும் ஏற்கெனவே ஃபேஸும் நியூட்ரலும் இருந்தன. கீழிருந்து மேலே வயர் இழுக்காமல், ஒவ்வொரு சுவிட்சிலும் ஃபேஸ் ஒரு பக்கம், நியூட்ரல் ஒரு பக்கம் கொடுத்து, இரண்டு காமனையும் விளக்கின் இரண்டு முனைக்குக் கொண்டுபோனேன். இரண்டு இடத்திலிருந்தும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்து நிற்கும்போதும் விளக்கு அணைந்துதான் இருக்கும். அணைந்த விளக்கின் ஹோல்டர் முழுக்க மின்சாரம். என் கையாள் யாராவது வெளியே இப்படிச் செய்திருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். நம் வீடுதானே என்று நான் செய்தேன். மெயினில் அன்றைக்கு இருந்தது 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி. அதில் நூறில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போய்விடலாம், ஃபியூஸுக்குத் தெரியக்கூடச் செய்யாது. உன் அம்மா பிழைத்தது தெய்வச் செயல்.

அந்த இரவே மேல் சுவிட்சைக் கழற்றிவிட்டு மரப்பலகையை வைத்து மூடினேன். முப்பது வருடம் நம் வீட்டில் எல்லோரும் இருட்டில் படியை எண்ணிக்கொண்டு இறங்கினோம். கண்காட்சி முடிந்து வரும்போது, நம் வீட்டிலும் இப்படிப் போடலாமே அப்பா என்று கேட்டாய். பார்க்கலாம் என்றேன். அந்தப் பலகையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் அதற்கப்புறம் எதையும் என்னிடம் இரண்டாவது தடவை சொன்னதில்லை. ஒரு தடவை சொல்வாய், நான் கேட்காவிட்டால் விட்டுவிடுவாய். நாற்பது நாள் பேசாமல் இருந்தாயே என்று மனதுக்குள் உன்னைக் கோபித்துக்கொண்டேன். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான்.

இனிமேல் நீ பார்த்தேன் என்று எதைச் சொன்னாலும், பார்த்தாய் என்றுதான் எடுத்துக்கொள்வேன். யார் என்ன சொன்னாலும் சரி.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலையில் இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது, பெரிய அத்தை மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மற்றதை நேரில் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். வயரும் சுவிட்சும் நானே கொண்டுவருகிறேன், நீ எதுவும் வாங்க வேண்டாம். விளக்கு மாற்ற அப்பா வருகிறார் என்று மாப்பிள்ளையிடம் சொல். அரை நாள் வேலைதான். இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்.

இந்த வாரம் முழுக்க நம் படியில்தான் வேலை பார்த்தேன். பலகையைக் கழற்றிவிட்டு, புது பைப் போட்டு, மஞ்சளும் நீலமும் இழுத்து, நியூட்ரலை நேராக ஹோல்டருக்குக் கொடுத்துவிட்டேன். மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தாயிற்று. நேற்று இரவு அம்மா மேலே ஏறி நின்று நான்கைந்து தடவை போட்டு அணைத்துப் பார்த்தாள். உன் மாடியறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். வழக்கமாக நாலரை அடியில் வைக்கும் சுவிட்சை மேலே மட்டும் மூன்றடியில் வைத்திருக்கிறேன். குட்டிக்கு எட்டும்.

அன்புடன்,
அப்பா