ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடும் பிளஸ் டூவில் 95.03 விழுக்காடும் தேர்ச்சி. முடிவு வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம் என்பதுதான் பேச்சு. தொடக்கப் பள்ளியிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பிள்ளை பின்தங்கப் போகிறது என்பது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே தெரிந்துவிடும். தேர்ச்சிப் பட்டியலில் அது தெரியாது.

பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் அசர் ஆய்வில் அது தெரிந்தது. கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022-இல் 4.8. ஐந்தாம் வகுப்பில் 40.7 விழுக்காடு 25.2 ஆனது. 2024-இல் ஓரளவு மீண்டிருக்கிறோம். தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் ஊன்றக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மாலை நேரத்தில் தெருவிலேயே பாடம் சொல்லிக் கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் ஆகிய இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் கொரோனாவுக்கு முந்தைய எண்ணையே பாருங்கள், பழியை நோய்மீது மட்டும் போட முடியாது.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கரும்பலகையில் எழுதிப் போட்டதை மணிமணியாகப் பார்த்து எழுதுவாள், ஒற்றுப்பிழைகூட இருக்காது. "நீ எழுதினதைப் படிம்மா" என்றால் எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைத் தாண்டுவாள், அடுத்த சொல்லில் நின்றுவிடுவாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அதிகாரிக்கு அவள் நன்றாகப் படிக்கும் பிள்ளை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து தினமும் கால் மணி நேரம் படிக்க வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

காரணம், பணியிடக் கணக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 முதல் 90 வரை மூவர். தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. 40 பிள்ளைகள் படிக்கும் சிற்றூர்ப் பள்ளியிலும் வகுப்பு ஐந்துதான். 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று காகிதத்தில் பார்த்தால் வசதியான பள்ளி. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போது நான்காம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். இருக்கிற நேரத்தில் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரம் ஏற்ற வேண்டிய வேலை வேறு.

இந்த ஈராசிரியர் பள்ளிகளை நம்பி இருப்பவர்கள் யார்? வேன் வைத்து ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தவர்கள் போன பிறகு, மிச்சம் இருப்பது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், மலைக்கிராமத்துப் பிள்ளைகள். நகரத்தில் 150 பேர் படிக்கும் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கிடைக்கிறார். அதிகக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு அரை ஆசிரியர்கூடக் கிடைப்பதில்லை. சமத்துவம் பேசுகிற மாநிலத்தில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

2025-இல் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க மாநில அளவில் அடைவுத் தேர்வு நடத்தினார்கள். இத்தகைய ஆய்வு முடிவுகளை மாவட்டச் சராசரியாக மட்டும் தராமல், ஈராசிரியர் பள்ளிகளுக்குத் தனியாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் வாசிக்கிறது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் தனித்தனியே சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கும் 'திறன்' திட்டம் வந்திருப்பது நல்லதே. ஆனால் அதற்குள் ஐந்து வருடம் போய்விடுகிறது.

சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கையைத்தான். கூடுதலாக நியமிக்க மாநில அரசுக்குத் தடை ஏதும் இல்லை. ஐந்து வகுப்பு உள்ள எந்தப் பள்ளிக்கும் மூன்று ஆசிரியர். அவர்களில் ஒருவர் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும். ஆசிரியர்களைப் பள்ளி மாற்றி அமர்த்தும் அடுத்த பணி நிரவல் கலந்தாய்வில் சின்னப் பள்ளிகளின் மூன்றாவது ஆசிரியரை 'உபரி' என்று தூக்குவதற்கு முன்பே இதற்கு அரசாணை வர வேண்டும்.

- ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்