ஓகேவுக்குத் தப்பான விடை வைத்திருப்பவர்களுக்கு

வினாடி வினா போட்டிகளுக்குக் கேள்வி தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ‘ஓகே என்பதன் விரிவாக்கம் என்ன?’ என்று விடாமல் கேட்டுவருகிறீர்கள். ‘ஜீரோ கில்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் பலகையில் எழுதி வைப்பார்கள்’ என்று ஒப்பிக்கும் பிள்ளைக்குத்தான் மதிப்பெண். அந்தப் போர் தொடங்கியதே 1861இல். ஓகே அச்சேறியது 1839 மார்ச் 23. கணக்கு உதைக்கிறதே!

அச்சிட்டது பாஸ்டன் மார்னிங் போஸ்ட். பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகைக்காரரைச் சீண்டி எழுதிய நையாண்டித் துணுக்கு அது. மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று ஒரு குறும்புக் கூட்டம், விருந்து, பறக்கும் பாட்டில் கார்க்குகள். இவற்றுக்கு நடுவே ‘ஓ.கே.’, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கம். ஏ, சி என்று வரவேண்டிய முதலெழுத்துகள் இரண்டுமே தப்பு. தெரியாமல் செய்ததல்ல. சொற்றொடரைத் தாறுமாறாக எழுத்துக்கூட்டி, பிறகு அதைச் சுருக்குவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைகளின் கிறுக்கு விளையாட்டு. ‘நோ கோ’ என்பதற்கு ‘கே.ஜி.’ போட்டார்கள், ‘தெரியும்’ என்று பொருள்படும் இன்னொரு ‘நோ’ கே-யில் தொடங்குகிறதே, அந்தச் சிலேடைக்காக. இன்றைய வாட்ஸ்அப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

கே.ஜி. செத்துப்போனது. ஓகே பிழைத்ததற்கு 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் ஒரு காரணம். அதிபர் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ ஆக்கி, ஓ.கே. கிளப் தொடங்கினார்கள் ஆதரவாளர்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? முந்தைய அதிபர் ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ‘ஆல் கரெக்ட்’ என்பதற்கு அவர் தப்பும் தவறுமாகப் போட்ட எழுத்துகள்தான் ஓகே என்று கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றார். அதற்குள் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைத் தோண்டியெடுத்து 1963, 1964இல் எழுதிய கட்டுரைகளில் இந்தக் கதை வெளிவந்தது. அறுபது வருடமாகியும் உங்கள் விடைத்தாளுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ஓகே சோக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் என்று நம்பி அதிபர் உட்ரோ வில்சனே வேறு மாதிரி எழுத்துக்கூட்டி ஒப்புதல் எழுதியவர்தான். உங்களை மட்டும் குறை சொல்வானேன்.

கேள்வியை நீக்கச் சொல்லவில்லை. ‘ஓகே முதலில் எந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது?’ என்று மாற்றிக் கேளுங்கள். பழையபடியே கேட்பதானால், ‘ஆல் கரெக்ட், தப்பான எழுத்தில்’ என்று சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிப் பித்தன்